பாசிக்காட்டு மஞ்சள் ரோடோடெண்ட்ரான்: கட்டிங்கிலிருந்து பூ வரை

மலேசியாவின் சபா மாநிலத்தில் கினபாலு மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் உச்சியை நினைத்துக்கொண்டுதான் போகிறார்கள். 4,095 மீட்டர், சூரிய உதயம், போட்டோ. நான் போனபோது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கீழே பூங்கா அலுவலகத்தை ஒட்டிய மலைத் தோட்டத்திலேயே அரை நாள் சுற்றினேன். பனி முழுதாகக் கலையாத காலை. எங்கிருந்தோ இனிப்பாக ஒரு வாசம் வந்தது. தேடிப் பார்த்தால், ஆள் உயரத்துக்குக்கூட வளராத ஒரு புதர். நீளமான ஒல்லி இலைகள், கிளை நுனியில் எலுமிச்சைப் பழ நிறத்தில் ஐந்தாறு புனல் பூக்கள். ரோடோடெண்ட்ரான் ரெட்டிவீனியம் என்பது அதன் பெயர். இலையில் வலைபோல ஓடும் நரம்புகளால் வந்த பெயர்.

ரோடோடெண்ட்ரான் என்றால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நீலகிரியின் சிவப்புப் பூ மரம் ஞாபகம் வரும், காட்டுப்பூவரசு. இலங்கையில் ஹோட்டன் சமவெளிக்குப் போனவர்கள் அதன் நெருங்கிய உறவை, சிங்களத்தில் மஹ ரத்மல் என்பதை, பார்த்திருப்பார்கள். அது தரையில் வேரூன்றி, புல்வெளி ஓரத்தில் காற்றையும் உறைபனியையும் தாங்கி நிற்கிற முரட்டு மரம். நான் சொல்லப்போகிற ரெட்டிவீனியம் வேறு கூட்டம். தாவர நூல்களில் வைரேயா என்று எழுதுவார்கள். பிரெஞ்சு இயற்கையியலாளர் ஜூலியன் ஜோசப் விரே நினைவாக 1826இல் தாவரவியலாளர் ப்ளூமே வைத்த பெயர். இந்தக் கூட்டத்தில் சுமார் 300 இனங்கள் உண்டு. உலகத்து ரோடோடெண்ட்ரான்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நியூகினியில்தான் அதிகம். அடுத்துப் போர்னியோ, சுலவேசி, சுமத்ரா, பிலிப்பைன்ஸ், எங்கள் மலாயாத் தீபகற்பம். நான் இருப்பது கேமரன் மலை, சுமார் 1,500 மீட்டர் உயரம். பிரிஞ்சாங் மலையின் பாசிக்காடு வீட்டிலிருந்து பக்கம்தான்.

இந்தச் செடியை மூன்று முறை கொன்றுவிட்டு நான்காவது முறை பூக்க வைத்தவன் எழுதுகிற வழிகாட்டி இது.

முதலில் காட்டைப் பாருங்கள்

பாசிக்காட்டில் மரம் எது, பாசி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கிளைகள் எல்லாம் கம்பளி சுற்றியதுபோல இருக்கும். விரலால் அழுத்தினால் முழங்கைவரை தண்ணீர் வழியும். அந்தப் பாசிக்குள்தான் வைரேயா வேர் விட்டிருக்கும். பாதிக்கு மேல் தொற்றுச்செடிகள். மரத்தின் மேல் உட்கார்ந்திருக்குமே தவிர மரத்தை உறிஞ்சாது. தரையில் வளர்கிறவையும் மண் சரிந்த மேடு, பாறை இடுக்கு, முகட்டின் ஓரம் என்று வடிகால் உள்ள இடமாகத்தான் பிடித்திருக்கும்.

அப்படியானால் ஈரத்துக்குக் குறைவில்லை, தினமும் மழை, எப்போதும் பனி. ஆனால் கொஞ்சம் பாசியை எடுத்து உள்ளே பாருங்கள். வேர் தலைமுடியைவிட மெல்லியதாக இருக்கும். அதைச் சுற்றி இருப்பதில் பாதி தண்ணீர், பாதி காற்று. மண் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. கீழே எழுதியிருக்கிற ஒவ்வொரு படியும் இந்த ஒரு காட்சியிலிருந்து வருகிறது. என் முதல் மூன்று செடிகளும் செத்தது நான் இதைப் பார்க்காததால்தான். “செடிக்குக் கொஞ்சம் சாணம் போடுடா, பாவம்” என்றார் அம்மா. போட்டேன். கேமரன் மலையின் கறுப்பு மண், சாணம், காலையும் மாலையும் தண்ணீர். முட்டைக்கோசுக்கு அது விருந்து. வைரேயாவோ இரண்டு மாதத்தில் இலையைத் தொங்கப் போட்டது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். தொட்டியைக் கவிழ்த்தபோது வேர்ப் பந்து கறுத்து, சாக்கடை வாடை அடித்தது.

உங்கள் ஊருக்கு ஒத்துவருமா

ரெட்டிவீனியம் மாதிரி மலை இனங்களுக்குப் பகலில் 20 முதல் 25 டிகிரி, இரவில் 10 முதல் 18 டிகிரி இருந்தால் சுகம். பகல் கொஞ்சம் ஏறினாலும் சமாளிக்கும். இரவும் சூடாகவே இருந்தால்தான் செடி இளைக்கும். எனவே ஏற்காடு, வால்பாறை, கொடைக்கானல், நுவரெலியா, கேமரன் எல்லாம் சரி. ஊட்டியிலும் நுவரெலியாவிலும் உறைபனி விழும் இரவுகளில் மட்டும் தொட்டியைக் கூரைக்குள் எடுத்து வையுங்கள். காட்டுப்பூவரசு தாங்குவதால் இதுவும் தாங்கும் என்று விட்டுவிடாதீர்கள். ரெட்டிவீனியத்தின் காட்டில் உறைபனி என்ற அனுபவமே கிடையாது. ஒரே இரவில் தளிரெல்லாம் கருகிவிடும்.

சென்னையிலோ மலேசியாவின் கிள்ளானிலோ, சூடான சமவெளியில் இருந்தால், இந்த இனத்தை வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம் என்பதே என் யோசனை. ஆசை விடவில்லை என்றால் போர்னியோவின் ப்ரூக்கியானம் இருக்கிறது. கடல்மட்டத்துக்குப் பக்கத்திலிருந்தே வளர்கிற இனம். மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, சிவப்பு வரை நிறம் மாறும். சரவாக்கை ஆண்ட ராஜா ஜேம்ஸ் ப்ரூக்கின் பெயர் அதற்கு.

எந்த மஞ்சள், எங்கே வாங்குவது

மஞ்சள் வைரேயாவுக்குப் பஞ்சமில்லை. வாசமுள்ள மஞ்சளுக்குத்தான் பஞ்சம். இந்தக் கூட்டத்தில் வாசம் பெரும்பாலும் வெள்ளைப் பூக்களின் சொத்து. நீண்ட வெள்ளைக் குழல், இரவில் வரும் அந்துப்பூச்சி, அந்தக் கணக்கு. எங்கள் பாசிக்காட்டில் இருக்கும் ஜாஸ்மினிஃப்ளோரம் அப்படித்தான், பெயரிலேயே மல்லிகை இருக்கிறது. நியூகினியின் லேட்டம் பளீர் மஞ்சள், பூ முதிர முதிர ஆரஞ்சு ஏறும். மஞ்சள் கலப்பினங்கள் பலவற்றுக்குத் தாயோ தகப்பனோ அதுதான். ஆனால் மூக்கை உள்ளே விட்டாலும் ஒன்றும் வராது. கினபாலுவில் மேலே ஏறினால் லோவியை என்ற பெரிய மஞ்சள் பூ இனம் உண்டு. 1851இல் அந்த மலையில் ஏறிய ஹ்யூ லோவின் பெயர். அதை வீட்டில் வளர்ப்பது பொறுமைசாலிகளுக்கான வேலை. ஆக, நர்சரியில் “மஞ்சள் வைரேயா” என்று மட்டும் கேட்காதீர்கள். பூத்திருக்கும்போது போங்கள், முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

காட்டிலிருந்து பிடுங்கி வருவது பற்றி ஒரு வார்த்தை. கினபாலு பூங்காவில் ஒரு இலையைப் பறித்தாலும் குற்றம். பிரிஞ்சாங் காடும் பாதுகாக்கப்பட்டதுதான். சாலையோரக் கடைகளில் வாழைநாரில் கட்டி விற்கிற செடிகளைப் பார்த்துச் சபலப்படுகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன். இந்த முடி வேர்களோடு நுண்ணிய பூஞ்சைகள் கூட்டுச் சேர்ந்து வாழ்கின்றன, செடிக்குச் சாப்பாட்டில் பாதி அவற்றின் தயவு. பாசியிலிருந்து இழுத்த கணத்தில் அந்த வேரெல்லாம் அறுந்துபோகும். வீட்டுக்கு வருவது வெறும் குச்சி. வெளிநாட்டிலிருந்து தருவிக்கிறீர்கள் என்றால் தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் வாங்காதீர்கள். எல்லையில் பிடித்து எரித்துவிடுவார்கள், அவர்கள் செய்வதும் நியாயம்தான்.

கலவை: இதில்தான் பாதி வெற்றி

தோட்டத்து மண் ஒரு பிடிகூட வேண்டாம். நான் போடுவது இது: இரண்டு பங்கு பைன் மரப்பட்டைத் துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு, ஒரு பங்கு தேங்காய் மட்டைத் துண்டு, ஒரு பங்கு பருமனான பெர்லைட், அதாவது எரிமலைப் பாறையைப் பொரித்த வெள்ளைக் குருணை. ஆர்க்கிட் வளர்க்கிறவர்களுக்கு இது பழகிய கலவைதான். பைன் பட்டை கிடைக்காத இடத்தில் மட்டைத் துண்டைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் தூளாக அரைத்த நார்க்கழிவு வேண்டாம், அது சில மாதத்தில் சேறாகப் படிந்துவிடும்.

மட்டைத் துண்டில் உப்பு இருக்கும். கடலோரத் தென்னை என்றால் சொல்லவே வேண்டாம். வாளியில் ஊறப்போட்டு, தேநீர் நிறத்தில் இறங்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். நான்கைந்து நாள், தினமும் ஒரு தடவை. தண்ணீர் வெளுத்தபிறகே கலக்க வேண்டும்.

சரி, கலவை தேறியதா என்று எப்படித் தெரியும்? தொட்டியை நிரப்பி ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுங்கள். மேலே ஒரு கணம்கூடத் தேங்காமல், ஊற்றிய வேகத்திலேயே கீழே கொட்ட வேண்டும். பத்து எண்ணுவதற்குள் சொட்டு நிலைக்கு வந்துவிட வேண்டும். தேங்கினால் பட்டை போதாது.

புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பி.எச். 5 முதல் 6க்குள், அதாவது கொஞ்சம் புளிப்பாக, இருப்பது நல்லது. நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு, எந்தச் செடியாக இருந்தாலும் அடுப்புச் சாம்பல், முட்டை ஓட்டுத் தூள், கொஞ்சம் சுண்ணாம்பு. ரோஜாவுக்குப் போடுங்கள். இதன் பக்கம் கொண்டுவராதீர்கள். காரம் ஏறினால் செடியால் இரும்பை எடுக்க முடியாது. புதுத் தளிர் வெளிறிப்போய், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

கட்டிங் எடுப்பது

கிளைத் துண்டை வெட்டி வேர் விட வைப்பதுதான் கட்டிங். விதையைவிட இது சுலபம், தாய்ச்செடியின் வாசமும் நிறமும் அப்படியே வரும். கலப்பினம் என்றால் கட்டிங்தான் வழி.

எப்போது எடுப்பது என்பதைக் காலண்டர் சொல்லாது, செடி சொல்லும். வைரேயா அலை அலையாகத் துளிர்க்கும். புதுத் தளிர் முதலில் செம்பு நிறத்தில், பொடிச் செதில் ஒட்டியபடி, வெல்வெட் மாதிரி வரும். பிறகு பச்சையாகி விறைக்கும். அந்தத் தண்டை லேசாக வளைத்துப் பாருங்கள். ரப்பர்போல வளைந்தால் இளசு, அழுகிவிடும். வளைய மறுத்து ‘டக்’கென்று முறிந்தால் முற்றல், வேர் விட மாதக்கணக்காகும். வளைந்து, கையை விட்டதும் நிமிர்ந்தால் அதுதான் பருவம். நுனியில் பூமொட்டு இருக்கிற கிளையை எடுக்காதீர்கள். பூமொட்டு குண்டாக, கூம்புபோல இருக்கும். இலைக்குருத்து ஒல்லியாக, ஊசிபோல.

காலையில், செடி ஈரம் குடித்திருக்கும்போது 7 முதல் 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். பிளேடு புதியதாக இருக்கட்டும், சாராயத்தில் துடைத்துக்கொள்ளுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே மூன்று நான்கு இலை மட்டும் விடுங்கள். இலை நீளம் என்றால் பாதியாக நறுக்கிவிடலாம். அப்புறம், பலர் விட்டுவிடுகிற வேலை: தண்டின் அடியில் ஒரு பக்கமாக 2 செ.மீ. நீளத்துக்குத் தோலை மட்டும் சீவி எடுங்கள். முருங்கைக்காய் நார் உரிக்கிற ஆழம் போதும். உள்ளே வெளிர்பச்சையாக ஈரப் படலம் தெரியும். வேர் அந்த ஓரத்திலிருந்துதான் வரும். சீவாமல் வைத்த கட்டிங், அடியில் வெள்ளையாக ஒரு உருண்டை கட்டிக்கொண்டு, மாசக்கணக்கில் வேர் விடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். எனக்கு அப்படி ஒரு தட்டே இருந்தது.

சீவிய இடத்தை வேர் ஊக்கிப் பொடியில் தொட்டு, அதிகப்பொடியைத் தட்டிவிடுங்கள். மென்மையான செடிகளுக்கானதை வாங்காமல், மரத்தண்டுகளுக்கான வீரியமுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பெர்லைட்டும் நறுக்கிய ஸ்பேக்னம் பாசியும் சம பங்கு கலந்து, பிழிந்த துணியளவு ஈரத்தில் வைத்து, கட்டிங்கை 3 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். எல்லாவற்றையும் மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடிவிடுங்கள். பிரியாணி வாங்கிய டப்பா உயரமாக இருந்தால் அதுவே போதும். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. வாரம் ஒருமுறை திறந்து காற்றுக் காட்டி, விழுந்த இலையைப் பொறுக்கிவிடுங்கள்.

ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் ஆகலாம். நடுவில் இழுத்துப் பார்க்கக் கை பரபரக்கும். வேண்டாம். டப்பாவின் அடியில் வெள்ளை இழைகள் தெரியும்வரை விடுங்கள்.

தொட்டி மாற்றுவது

சின்னத் தொட்டி. இதைத் தடித்த எழுத்தில் போட்டாலும் யாரும் கேட்பதில்லை. “எப்படியும் வளரத்தானே போகிறது” என்று பெரிய தொட்டியில் வைக்கிறார்கள். வேர் தொடாத கலவை காயாமல் கிடக்கும், அங்கேதான் வேரழுகல் பூஞ்சை குடியேறும். கட்டிங்குக்கு 8 செ.மீ. தொட்டி போதும். வேர் நிரம்பியபின் ஒரு அளவு மட்டும் கூட்டுங்கள். மண்தொட்டி சிறப்பு. ஆர்க்கிட்டுக்கு விற்கிற ஓட்டைத் தொட்டி அதைவிடச் சிறப்பு, தண்ணீர் கொஞ்சம் அதிகம் தேவைப்படும், அவ்வளவுதான். பழைய தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். தண்டை ஆழமாகப் புதைத்தால் கழுத்தில் அழுகும்.

தரையில் வைக்க விரும்பினால் குழி தோண்டாதீர்கள். தரைக்கு மேல் ஒரு அடி உயரத்துக்குப் பட்டை மேடு கட்டி அதன் உச்சியில் உட்காரவையுங்கள். நான் ஒன்றைப் பழைய மரக்கட்டையில் பாசி சுற்றிக் கட்டியிருக்கிறேன். வளர்ச்சி மெதுவாக இருந்தாலும் பார்க்கக் காட்டில் பார்த்த மாதிரியே இருக்கிறது.

தண்ணீர், வெயில், உரம்

தண்ணீர் ஊற்றும் நாளைக் கணக்கு வைக்காதீர்கள், தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நனைத்தவுடன் ஒரு தடவை தூக்கி எடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி லேசானதும் மறுபடி ஊற்றலாம். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதுவே போதும், வேறு எதையும் தேட வேண்டாம். உப்பு படியும் போர்வெல் தண்ணீர் என்றால் இந்தச் செடி வேண்டாம்.

ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். தண்ணீர் குறைந்தாலும் இலை தொங்கும், வேர் அழுகினாலும் இலை தொங்கும். தொட்டி கனமாக இருந்து இலை தொங்கினால் ஊற்றாதீர்கள். கவிழ்த்து வேரைப் பாருங்கள். கறுப்பாக, கூழாக இருந்தால் அந்த வேரைக் காப்பாற்ற முயலாமல், நல்ல கிளை இருக்கும்போதே கட்டிங் எடுத்துவிடுங்கள். தாய் போனாலும் பிள்ளை மிஞ்சும்.

வெயிலைப் பொறுத்தவரை, காலை இரண்டு மூன்று மணி நேரம் நேராக விழட்டும், மதியம் மறைப்பு. பாசிக்காடு என்றதும் இருட்டு என்று நினைத்து மாடிப்படிக்கு அடியில் வைக்கிறவர்கள் உண்டு. காட்டில் இது உட்கார்ந்திருப்பது மரத்தின் மேல், முகட்டின் ஓரம். வெளிச்சம் தேடித்தான் அங்கே ஏறியிருக்கிறது. நிழலில் வைத்தால் இலை அழகாக இருக்கும், பூ வராது.

உரம் மிகக் குறைவு. டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு கரைத்து, துளிர் வரும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பாஸ்பரஸ் குறைந்ததாகப் பாருங்கள். எலும்புத்தூள், கோழி எரு இரண்டும் ஆகாது. மழையும் உதிர்ந்த இலையும் கொண்டுவருவதை வைத்துக் காலம் தள்ளிய செடி, சத்து கூடினால் இலை நுனி கருகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

நுனி கிள்ளுவது

கிள்ளாமல் விட்டால் நெட்டையாக ஒரே குச்சியாய்ப் போகும். இலைகள் தண்டு நெடுகிலும் வராமல், ஒவ்வொரு கணுவிலும் குடைபோலச் சுற்றி அடுக்கு அடுக்காக வரும். உச்சியில் ஒல்லிக் குருத்து ஒன்று மட்டும் இருந்தால், அது விரியும் முன் நகத்தால் கிள்ளிவிடுங்கள். சுற்றியுள்ள இலைக் கக்கங்களிலிருந்து இரண்டு மூன்று கிளைகள் புறப்படும். முதல் இரண்டு வருடம் இதைச் செய்தால் மூன்றாம் வருடம் புதர். கிள்ளுமுன் அது குண்டு மொட்டு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை கண்ணாடி போடாமல் கிள்ளி, அந்த வருடப் பூவை இழந்தேன்.

துரு நோயா, செதிலா

இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். வைரேயா இலைக்கு அது பிறவி அடையாளம். அடியில் நுண்செதில்கள் நிரந்தரமாக இருக்கும், லென்ஸில் பார்த்தால் சின்னச் சின்னக் குடைகள் போலத் தெரியும். வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் ஆரஞ்சுப் பொடி அப்பினால் துரு நோய். அந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போட்டு, செடிகளுக்கு இடையே காற்றோட்டம் விடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். மாவுப்பூச்சி வந்தால் பஞ்சில் சாராயம் தொட்டுத் துடைக்கலாம்.

எச்சரிக்கை ஒன்று. ரோடோடெண்ட்ரான் குடும்பத்துக்கு விஷம் உண்டு, கிரேயனோடாக்சின் என்பார்கள். ஆடு மேய்கிற இடத்திலும், கிடைத்ததை வாயில் போடுகிற குழந்தைகள் இருக்கிற இடத்திலும் எட்டாத உயரத்தில் வையுங்கள். பூவை அழகுக்காகச் சாதத்தில் தூவுகிற வேலையெல்லாம் வேண்டாம்.

பூவும் விதையும்

கட்டிங் செடி இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும். பருவம் என்று ஒன்று கிடையாது, நன்றாக இருக்கும் செடி வருடத்தில் இரண்டு மூன்று தடவைகூடப் பூக்கும். குண்டு மொட்டு மாதக்கணக்கில் அசையாமல் இருந்துவிட்டு, ஒரு வாரத்தில் செதில்களை உதறிக்கொண்டு விரியும். அந்த வாரம் தொட்டியை இடம் மாற்றாதீர்கள்.

இங்கே ஒரு பழைய கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் செல்சீயில் இருந்த வீச் நர்சரி வைரேயா மேல் பைத்தியமாக இருந்தது. வெறும் ஏழு இனங்களை மாற்றி மாற்றிச் சேர்த்து ஏறக்குறைய 500 கலப்பினங்களை உருவாக்கினார்கள். எல்லாம் நிலக்கரி எரித்துச் சூடாக்கிய கண்ணாடி வீடுகளில். அந்த ஆடம்பரம் முடிந்தபோது செடிகளும் முடிந்தன, கைவிரலில் எண்ணும் அளவுக்கே மிஞ்சின. குளிரே பகையாக இருந்த ஊரில் அவ்வளவு செய்திருக்கிறார்கள் என்றால், மலையில் வீடு வைத்திருக்கிற நாம் ஒன்றாவது செய்து பார்க்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது.

மகரந்தம் மாற்றுவது சின்ன வேலை. பூ விரியும் முன்பே மொட்டைப் பிளந்து, பத்து மகரந்தத் தாள்களையும் எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துச் சூலகமுடி பிசுபிசுத்ததும், இன்னொரு செடியின் மகரந்தத்தைத் தொட்டு வையுங்கள். மகரந்தம் தூளாக விழாது, நுனியிலுள்ள துளையிலிருந்து சிலந்தி நூல் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். காய் முற்றச் சில மாதங்கள் பிடிக்கும். பச்சை மாறிப் பழுப்பானதும் பட்டர் பேப்பர் உறை கட்டிவிடுங்கள். நான் ஒருமுறை கட்டாமல் சந்தைக்குப் போய் வந்தேன். காய் ஐந்தாகப் பிளந்து சுருண்டிருந்தது, விதையெல்லாம் பக்கத்துத் தேயிலைச் சரிவுக்குப் போய்விட்டது.

விதை மரத்தூள் மாதிரிதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனையிலும் மெல்லிய வால் உண்டு. காற்றில் மிதந்து போய் இன்னொரு மரத்தின் பாசியில் சிக்குவதற்கு அந்த ஏற்பாடு. சீக்கிரம் செத்துவிடும், பெட்டியில் சேர்த்து வைக்காமல் உடனே விதைக்க வேண்டும். ஸ்பேக்னம் பாசியைப் பொடியாக நறுக்கி, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, தட்டில் பரப்பி, விதையை மேலே தூவுங்கள். மூடிப் புதைத்துவிடாதீர்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே கண்ணாடித் தட்டு. மூன்று நான்கு வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். தண்ணீரை ஊற்றாமல் தெளிப்பானால் பனிபோலத் தூவுங்கள். முதல் வருட முடிவில் நாற்று கட்டைவிரல் நகம் அளவு இருந்தால் நன்றாக வளர்கிறது என்று பொருள். பூவுக்கு மூன்றிலிருந்து ஐந்து வருடம்.

ரெட்டிவீனியத்தை ஜாஸ்மினிஃப்ளோரத்தோடு சேர்த்த நாற்றுகள் பதினொன்று இப்போது என் சமையலறை ஜன்னலில் இருக்கின்றன. சாணம் போடாதே என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று. அரிசி கழுவிய தண்ணீர் மட்டும் போடலாமா என்று கேட்கிறார்.